நெடுங்காட்டில் நான் கட்டிய நான்காவது சுவர்

உலக நாடக வரலாற்றை நான் பத்தே நாளில் கற்றுக்கொண்டவன். இதை இப்போது சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த வயதில் கூச்சம் என்ற ஒன்று கொஞ்சமாவது இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கம். சொந்த ஊர் நெடுங்காடு. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பாண்டிச்சேரியில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். (அம்மா அன்றைக்கு வயலில் நின்று நடவாட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரல் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டது.)

பட்டறை நடத்தியவர் நீளமாகத் தாடி வைத்த ஒரு பேராசிரியர். முதல் நாள் காலையில் கிரேக்கர்களைப் பிடித்தார். முகமூடி, கோரஸ், மலைச்சரிவில் கல்லால் கட்டிய அரங்கு என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் கிரேக்கத்தை முடித்துவிட்டார். மறுநாள் மாதா கோயில் வாசலில் நடந்த வேத நாடகங்கள், இத்தாலியத் தெருக்கோமாளிகள். அதற்கப்புறம் யதார்த்தவாதம், குறியீட்டியம், அபத்த நாடகம், ஏழை அரங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அந்த ஒரு நாளில் எந்த இயக்கம் விட்டுப்போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போகும்போது ஊர் மன்ற நாடகத்தில் போலீஸ்காரன் வேஷம் கட்டுகிற சாதாரணப் பயலாகத்தான் போனேன். வரும்போது தோளில் ஜோல்னாப் பை, முகத்தில் தாடி என்று நானாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரிகிற ஒரு தாடி. "சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டால்கூட மோட்டுவளையைப் பார்த்து, கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் பதில் சொன்னேன். வசனத்தில் இடைவெளி முக்கியம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். அக்கா இரண்டு இடைவெளி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் காணும் பொங்கலன்று இளைஞர் மன்றத்தின் நாடகம் நடக்கும். அந்த வருடம் நான்தான் எழுதி இயக்குவேன் என்று அறிவித்தேன். யாரும் மறுக்கவில்லை. (வேறு யாரும் கேட்கவும் இல்லை.) அக்காவின் கணவர் கலியபெருமாள் அத்தான் மைக் செட்டு வைத்திருந்தார். நாடகத்துக்கு ஒலி, ஒளி, அறிவிப்பு எல்லாம் அவர்தான். ஆகவே புதுப் பாணிகளை முதலில் அவரிடம்தான் விளக்கினேன்.

"கிரேக்க பாணியில பண்ணலாம் அத்தான். ஓரமா பன்னெண்டு பேரு நின்னு, கதையப் பத்திப் பாடிக்கிட்டே இருப்பாங்க."

"பஜனைக் கோஷ்டிதானே? அவங்க அவங்க பாட்டத்தான் பாடுவாங்க மாப்ள. ஓம் பாட்டப் பாட மாட்டாங்க."

"அபத்த நாடகம்னு ஒண்ணு இருக்கு. பேசுவாங்க, பேசிக்கிட்டே இருப்பாங்க, எதுக்குப் பேசுறாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது."

"அதுக்கு எதுக்கு மேடை? கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுல போயி நின்னாப் பாக்கலாமே."

"நடிகன் நடுவுல நடிப்ப நிறுத்திட்டு, இது நாடகம்தான்னு ஜனங்ககிட்டயே பேசுவான். ஜெர்மனிக்காரங்க கண்டுபிடிச்சது."

"கூத்துல கட்டியக்காரன் வேற என்ன பண்றான்?"

"ஏழை அரங்குன்னு ஒண்ணு. சீன், திரை, நகை, விளக்கு ஒண்ணும் இருக்காது."

அத்தான் எங்கள் கூடத்திலேயே கிடந்த மன்றத்தின் பீரோவைத் திறந்து காட்டினார். அதில் ஒரு அட்டைக் கத்தியும் ஒரு செத்த பல்லியும் இருந்தன.

இப்படியாக உலக நாடக வரலாறு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் யதார்த்தவாதம் ஒன்றுதான் மிஞ்சியது. அதை அத்தானால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மேடையில் எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். வாழ்க்கையை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு சுவர், பின்னால் ஒரு சுவர். நான்காவது சுவர் ஜனங்களுக்கும் மேடைக்கும் நடுவில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. நடிகனுக்கு எதிரே கூட்டம் என்று ஒன்றே கிடையாது. அவன் தன் வீட்டுக்குள் இருக்கிறான். கூட்டம் அந்தச் சுவருக்கு வெளியே மூச்சுக் காட்டாமல் இருந்து பார்க்க வேண்டும்.

"அப்ப அன்பளிப்பு?" என்றார் அத்தான்.

அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து நாடகங்களில் அன்பளிப்பு இல்லாமல் ஒரு காட்சி நகராது. கதாநாயகன் அழுதுகொண்டிருப்பான். ஊர்ப் பெரியவர் ஒருவர் துண்டும் மாலையுமாக மேடை ஏறுவார். காட்சியை நிறுத்தச் சொல்லி விசில் ஊதுவார்கள். கதாநாயகன் அழுகையை நிறுத்திக் கழுத்தை நீட்டுவான். அவர் துண்டைப் போர்த்த, அத்தான் மைக்கில் அவருடைய பேரையும் ஊரையும் பெருமையையும் சொல்ல, கூட்டம் கைதட்ட, அவர் இறங்கியதும் கதாநாயகன் விட்ட இடத்திலிருந்து அழுவான். முந்தின வருடம் எலும்புருக்கி நோயாளியாக நடித்தவன் மூன்று மாலையும் நாலு துண்டுமாகப் புது மாப்பிள்ளைக் களையோடு செத்துப்போனான். இதைத்தான் நான் ஒழிக்கப் புறப்பட்டேன்.

"சுவரு இருக்கு அத்தான். வெளியாளு எப்படி உள்ள வருவாரு? யாரும் ஏறப்படாது. மைக்குல பேரு சொல்லப்படாது."

"வைத்திலிங்கம் வர்றாரு மாப்ள" என்றார் அத்தான்.

வைத்திலிங்கம் அம்பகரத்தூர்க்காரர். சுமாராக நிலம் உள்ளவர். அவருடைய மகள் மங்கை காரைக்காலில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் அம்பகரத்தூர் பஸ்ஸுக்கும் நான் நெடுங்காட்டு பஸ்ஸுக்கும் நிற்போம். அவள் பஸ் வரும்வரை நான் என் பஸ்ஸையெல்லாம் அனுப்பிவிட்டு நிற்பேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. விஷயத்தை அக்காவிடம் சொல்லி, அக்கா அத்தானிடம் சொல்லி, அத்தான் போய்ப் பேசி, வைத்திலிங்கம் பிடி கொடுக்காமல் ஒரு பதில் சொல்லியிருந்தார். கும்பகோணத்தில் பேங்கில் வேலை பார்க்கிற ஒரு வரன் இருக்கிறது. இருந்தாலும் காணும் பொங்கலுக்கு நாடகம் பார்க்கிற மாதிரி வந்து பையனையும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்பது அந்தப் பதில்.

"அவரு எந்த ஊரு நாடகத்துக்குப் போனாலும் ஜரிகத் துண்டோடதான் போவாரு. துண்டு போத்தி மைக்குல பேரு கேட்டாத்தான் அவருக்குச் சோறு எறங்கும். அன்னிக்கு ஒருநாளைக்காவது ஓஞ் சுவர இடிச்சு வையி மாப்ள."

மங்கை மேல் எனக்கு உயிர். அது நிஜம். ஆனால் பட்டறைக்குப் போய் வந்தவனுக்கு உயிரைவிடக் கலை பெரிதாகத் தெரிகிற ஒரு காய்ச்சல் இருக்கும். இன்று மாமனாருக்காகச் சுவரை இடித்தால் நாளைக்கு மச்சினனுக்காக இடிக்க வேண்டிவரும் என்று நினைத்தேன். தவிர, கொள்கைக்காக நிற்பவனைப் பார்த்தால் அவருக்கே மதிப்பு வரும் என்றும் நம்பினேன். "சுவரு சுவருதான்" என்றேன்.

நாடகத்தில் இரண்டே பாத்திரங்கள். வாய்க்கால் தண்ணீர் வந்து சேராத கடைமடை விவசாயி ஒருவர், அவருடைய மகன். வெளியூர் நடிகை பாட்டில்லாத நாடகத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அம்மா பாத்திரத்தைத் திரை விலகுவதற்கு முன்பே சாகடித்துவிட்டேன். கதை இதுதான்: பசியில் கிடக்கும் அப்பாவுக்கு மகன் கடைசிப் பிடி அரிசியை உலையில் போடுகிறான். சோறு வேகும் முன் அப்பா இறந்துபோகிறார். மகனாக நான். அப்பாவாக என் அலுவலக நண்பன் அந்தோணி. காரைக்கால் டவுன்காரன், நல்ல நடிகன், ஆனால் பிணமாக நடிக்கும்போது கொசு அடிப்பான். முந்தின வருடம் அப்படி ஒரு கொசுவை அடித்து, கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டிருந்தது. அதனால், என்ன நடந்தாலும் அசைய மாட்டேன் என்று வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வாடகைக்கு எடுக்கும் அரண்மனைத் திரை, பூங்காத் திரை எல்லாவற்றையும் வேண்டாம் என்றேன். தென்னங்கீற்றுத் தட்டிகளால் மூன்று பக்கமும் நிஜமான குடிசை கட்டினேன். நிஜமான மண் அடுப்பு, நிஜமான விறகு, நிஜமான அரிசி. மூலையில் ஒரு பித்தளைக் குடம். "வெறுங் குடத்த வையி, உள்ள தண்ணி இருக்கா இல்லையான்னு எவன் எட்டிப் பாக்கப் போறான்?" என்றார் அத்தான். ஒரு குடிசையில் குடம் வெறுமையாக இருந்தால் நடிகனின் மனசாட்சிக்குத் தெரிந்துவிடும் என்றேன். மேடைக்கும் குளத்துக்கும் நல்ல தூரம். நானே இடுப்பில் சுமந்துகொண்டு வந்து குடத்தைத் தளும்பத் தளும்ப நிறைத்தேன். வழியில் பார்த்த பெண்களெல்லாம் நின்று சிரித்தார்கள். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுப்பில் வைக்கப் பானை அக்கா கொடுத்தாள். ஒத்திகை முழுக்க வெறும் பானையிலேயே நடந்தது. தினமும் அரிசியைப் பொங்கி யார் தின்பது? அதனால் உலை எப்போது கொதிக்கும், எப்போது பொங்கும் என்பது பற்றி இயக்குநருக்கு ஒன்றும் தெரியாது.

காணும் பொங்கலன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம். இதுவே ஊருக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி பத்துக்கு ஆரம்பித்துக் கோழி கூவ முடிந்தால்தான் அது நாடகம். ஆறு மணிக்கு என்றால் அது கட்சிக் கூட்டம் என்றார்கள். இருந்தாலும் திடல் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் வைத்திலிங்கம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மடியில் மடித்து வைத்த ஜரிகைத் துண்டு. பக்கத்தில் எங்கள் தமிழாசிரியர். பின்னால் பெண்கள் பக்கத்தில் மங்கையும் அவள் அம்மாவும். நான் தட்டி இடுக்கு வழியாக அவளைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்ததைவிட அழகாக இருந்தாள். இந்த நாடகம் முடிவதற்குள் என் தலையெழுத்து முடிவாகிவிடும் என்று அப்போது தோன்றியது. அந்த எண்ணம் சரிதான், மற்றதெல்லாம்தான் தப்பாகப் போயிற்று.

திரை விலகுமுன் நான் மைக்கைப் பிடித்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே. இங்கே நீங்கள் பார்க்கப்போவது நடிப்பல்ல, நிஜம். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. உள்ளே என்ன நடந்தாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது, மேடை ஏறக் கூடாது, வாய் திறக்கக் கூடாது" என்றேன். சுவர் எங்கே இருக்கிறது என்று சில பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நாடகம் ஆரம்பித்தது. அந்தோணி பாயில் படுத்து இருமினான். நான் அடுப்பை மூட்டி உலை வைத்தேன். நிஜமான விறகு நிஜமாகப் புகைந்தது. கண்ணில் நீர் வடிய நான் முதல் வசனத்தைப் பேசியபோது, முன்வரிசையில் ஒரு அசைவு தெரிந்தது. வைத்திலிங்கம் எழுந்துவிட்டார். துண்டை உதறி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேடைப் படிக்கு வந்தார். ஓரத்தில் அத்தான் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் சுவரை இடிக்கிற மாதிரி சைகை காட்டினார்.

நான் எழுந்து போய், படிக்கு நேரே நின்று, உள்ளங்கையை நீட்டித் தடுத்தேன்.

"ஐயா, இங்க சுவரு இருக்கு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க தம்பி?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் வைத்திலிங்கம். பிறகு துண்டை மடித்தார். ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தி அழுத்தி மடித்தார். திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் மங்கையின் அம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டது தெரிந்தது. கிளம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். வைத்திலிங்கம் திரும்பி, உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவமானப்பட்டதும் எழுந்து போனால் இன்னும் அவமானம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கும்பகோணத்துக்காரன் பேங்க் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தத் துக்கத்தில் நான் அன்று மிகப் பிரமாதமாக நடித்தேன். நடிப்பு கொஞ்சம், அழுகைதான் அதிகம். அந்தோணி தலையைச் சாய்த்து உயிரை விட்டான். "அப்பா" என்று அலறிக்கொண்டு அவன் மேல் விழுந்தேன். திடலில் பெண்கள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. இந்த இடம் நின்றால் போதும், மங்கை என்னை மன்னித்துவிடுவாள் என்று நினைத்த அந்தக் கணத்தில், பானை பொங்கியது.

அக்கா கொடுத்தது அந்த வருடப் பொங்கல் பானை. கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்து வாடி அப்படியே இருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நுரை மேலே வந்து, விளிம்பில் ஒரு நொடி நின்று, வெள்ளை வெளேரென்று நாலு பக்கமும் வழிந்தது. பொங்கல் முடிந்து இன்னும் வாசல் கோலம்கூட அழியவில்லை. மஞ்சள் கொத்து கட்டிய பானை பொங்குவதைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஊர் ஜனம் எப்படி வாயை மூடிக்கொண்டிருக்கும்?

"பொங்கலோ பொங்கல்" என்றது திடல். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. பிள்ளைகள் கையில் கிடைத்த தகரத்தையெல்லாம் தட்டினார்கள். மைக்கிலிருந்தும் ஒரு பொங்கலோ பொங்கல் கேட்டது, அது அத்தான். என் காலடியில் பிணத்தின் வயிறு குலுங்கியது.

நான் பாய்ந்து போய், பொங்குவதை அடக்குவதற்காக அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டைகளை உருவி ஓரமாக வைத்தேன். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நேராக மேடையின் முன்னால் வந்து, நான் கட்டிய சுவருக்கு வெளியே தலையை நீட்டி, கூட்டத்தைத் திட்ட ஆரம்பித்தேன்.

"ஒரு மனுஷன் செத்துக் கெடக்கான். பொங்கலோ பொங்கலா? நான்தான் மொதல்லயே சொன்னேன்ல, சுவரு இருக்குன்னு? உள்ள என்ன நடந்தாலும் யாரும் அசையப்படாது, பேசப்படாது. மேல்நாட்டுலல்லாம் நாடகம் பாக்குறவன் இருமக்கூட மாட்டான். நீங்க திருந்தவே மாட்டீங்களா?"

கூட்டம் கப்சிப் என்று ஆயிற்று. ஜனங்களின் கண்கள் விரிந்தன. சிலபேர் முழங்காலில் எழுந்து கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். அவர்கள் முகத்திலெல்லாம் ஒரு வெளிச்சம் வந்தது. என் பேச்சுக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பேசினேன்.

"தட்சிணா" என்று பின்னாலிருந்து பிணம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. "காலு சுடுது."

"பொணம் பேசாது" என்றேன், திரும்பாமலேயே.

"சரி. பொணம் கால மடக்கலாமா?"

அப்போதுதான் திரும்பினேன். பின்சுவர் எரிந்துகொண்டிருந்தது. கொள்ளிக்கட்டை தென்னங்கீற்றைப் பிடித்து, தீ மடமடவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியபடி அந்தோணி ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு கிடந்தான்.

"ஐயோ, தீ. யாராவது வாங்க" என்று கத்தினேன்.

யாரும் வரவில்லை. எங்கள் ஊர் ஜனம் அதுவரைக்கும் எந்த நாடகத்திலும் இப்படிக் கட்டுப்பாடாக உட்கார்ந்ததில்லை. ஒரு பிள்ளை எழுந்தது. அதன் அம்மா இழுத்து உட்கார வைத்தாள்.

"நடிப்பு இல்லங்க. நெசம்" என்று கதறினேன். அதைத்தான் நாடகம் ஆரம்பிக்கும்போதும் சொல்லியிருந்தேன். கதையின் கருத்தைத் திருப்பிச் சொல்கிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். தமிழாசிரியர் பக்கத்து நாற்காலிக்காரருக்கு, "எரியிறது வீடு இல்லீங்க, சமுதாயம்" என்று விளக்கம் சொன்னாராம். அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். தீ சீன் இருப்பதைத் தனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்ற கோபம் அவர் முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தொழிலில் அவர் குறை வைப்பவரில்லை. அவசரமாகத் தேடி, ஒரு சோக நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டுவிட்டார்.

அந்தத் திடலில் ஒரே ஒருவர்தான் நாடகம் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர். என் சுவரை ஒரு வார்த்தையும் மறக்காமல் மனதில் வைத்திருந்தவரும் அவர்தான். வைத்திலிங்கம் எழுந்தார். நிதானமாகப் படிக்கு வந்தார். முதல் படியில் ஒரு காலை வைக்கப் போனவர், வைக்காமல் நின்றார்.

"தம்பி, இப்ப சுவரு இருக்கா, இல்லையா?"

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க."

"ஏறினதுக்கப்புறம் இருக்குன்னு சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேங்க. ஏறி வாங்க ஐயா."

ஏறினார். எரிகிற தட்டியை ஓர் உதை விட்டார். அது பின்பக்கத்து வெற்று மண்ணில் போய் விழுந்தது. பக்கத்துத் தட்டியிலும் தீ தொற்றியிருந்தது. மூலையைப் பார்த்தார்.

"அந்தக் கொடத்துல இருக்குறது நெசத் தண்ணியா, நாடகத் தண்ணியா?"

"நெசத் தண்ணிங்க."

ஜரிகைத் துண்டைக் குடத்தில் முக்கித் தட்டியில் அறைந்தார். மிச்சத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினார். தீ உஸ்ஸென்று அடங்கியது. அந்தோணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தியம் நினைவுக்கு வந்து மறுபடி மூடிக்கொண்டான். புகை கலைந்தபோது, தலைமுடி கருகி, வேட்டி நனைந்து, மூக்கு ஒழுக நான் நடுமேடையில் நின்றுகொண்டிருந்தேன். மங்கை எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வைத்திலிங்கம் அத்தானிடம் கையை நீட்டினார். அத்தான் மைக்கைக் கொடுத்தார். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரைத் தானே அறிவித்தார். "அம்பகரத்தூர் வைத்திலிங்கம், இந்த நாடகத்துல நடிச்ச தம்பிக்கு அன்பளிப்பா இந்தத் துண்டப் போத்துறேன்." பாதி கருகி, சொட்டச் சொட்ட நனைந்திருந்த துண்டை என் தோளில் போர்த்தினார். திடல் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு நல்ல கடைசிக் காட்சியை எங்கள் ஊர் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அந்தக் கைதட்டலில் என் பங்கு எவ்வளவு என்று கேட்டுவிடாதீர்கள்.

வைத்திலிங்கம் பெண் விஷயத்தில் முடிவு சொல்லாமலே குடும்பத்தோடு கிளம்பிப் போய்விட்டார். பதில் வருகிற வரைக்கும் நான் தாடியை மழித்துவிட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் இடைவெளி விடாமல் பதில் சொல்லிக்கொண்டு வீட்டில் அடங்கிக் கிடந்தேன். "கும்பகோணம்தான்" என்று அத்தான் தினமும் ஒருமுறை சொல்வார். ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மாசி பிறந்த பிறகு அம்பகரத்தூரிலிருந்து ஆள் வந்தது, தட்டு மாற்ற எப்போது வருகிறீர்கள் என்று கேட்டு. நான் அழுதுவிட்டேன். அந்த அழுகைக்கு ஒத்திகை ஒன்றும் தேவைப்படவில்லை.

கல்யாணத்தன்று தாரை வார்த்துக் கொடுக்க மணவறைக்கு வந்த என் மாமனார், மணையில் உட்காராமல் ஓரத்தில் நின்றார். ஐயர், மேளக்காரர் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "மாப்ள, சுவரு இருக்குங்களா, வரலாங்களா?" என்றார். மண்டபமே சிரித்தது. ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறைகுடம் தனியாக இருந்தது. அது எந்தச் சடங்குக்கு என்று ஐயர் குழம்பினார். கொண்டுவந்து வைத்தது அத்தான்.

அதற்குப் பிறகு மாமனார் எங்கள் வீட்டுக்கு எத்தனை தடவை வந்தாலும் வாசற்படியில் ஒரு கணம் நிற்காமல் உள்ளே வந்ததில்லை. பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் குளியலறைக் கதவைத் தட்டுகிறவர்கள்கூட, "சுவரு இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கல்யாணமாகி வெகுகாலம் வரைக்கும் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அழுகைக் காட்சியில் நான் நடித்த நடிப்பில்தான் மங்கை மயங்கினாள், அவள்தான் அப்பாவிடம் பிடிவாதம் பிடித்தாள் என்று. ஒருநாள் தைரியமாகக் கேட்டேவிட்டேன்.

"நடிப்பா?" என்றாள். நான் பட்டறையில் கற்ற இடைவெளியைவிட நல்ல இடைவெளி ஒன்று விட்டாள். "மேடையில இருந்த கொடத்த யாரு நெறச்சதுன்னு ஒங்க அக்காவக் கேட்டேன். நீங்கதான் கொளத்துலேர்ந்து இடுப்புல தூக்கிட்டு வந்தீங்கன்னு சொன்னாங்க. எங்கப்பா, எங்கண்ணன் யாரும் ஒரு சொம்பு தண்ணி மொண்டு நான் பாத்ததில்ல. அதான் அப்பாகிட்ட, எனக்குக் கும்பகோணம் வேணாம்னு சொல்லிட்டேன்."

யதார்த்தவாதத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான். அதன் விலையும் அன்றைக்கே முடிவாகிவிட்டது. இப்போது வீட்டில் மோட்டார் இருக்கிறது, மாடியில் தொட்டி இருக்கிறது, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. இருந்தாலும் அடுப்படி மூலையில் அந்தப் பித்தளைக் குடம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதை நான்தான் நிறைக்க வேண்டும். என்றைக்காவது சோம்பல்பட்டு நிறைத்துவிட்டேன் என்று பொய் சொன்னால், மங்கை குடத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள்.

"நெசத் தண்ணியா, நாடகத் தண்ணியா?" என்பாள்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவேன்.